‘ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு சார்’ என்றால் உடனே தலையாட்டாதீர்கள்

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் கொள்முதல் மென்பொருள் அரதப் பழசு, விண்டோஸ் எக்ஸ்பியில்தான் ஓடும். அதனால், கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரைப் போல ஓட்டிக்காட்டும் மைக்ரோசாஃப்ட்டின் விர்ச்சுவல் பிசி 2007-க்குள் ஒரு எக்ஸ்பியை உட்காரவைத்து வருஷக்கணக்காக ஓட்டிவந்தோம். போன சீசன் முடிந்த கையோடு அந்தக் கம்ப்யூட்டரின் மதர்போர்டு போனது. ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைக் கழற்றிக்கொண்டு ஊருக்குள் ஒரு சர்வீஸ் கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம்.

மறுநாளே போன். “சார், விஎம்சி ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு, ஹைப்பர்-வி எடுக்கவே மாட்டேங்குது. பெங்களூர்ல கன்வெர்ட்டர் வாங்கணும், ஏழாயிரம் ஆகும்.” விஎம்சி என்பது அந்த உள் கம்ப்யூட்டரின் அமைப்பைக் குறித்துவைக்கும் ஃபைல். ஹைப்பர்-வி, விர்ச்சுவல் பிசி மாதிரியே மைக்ரோசாஃப்ட்டின் இன்னொரு மென்பொருள். விவசாயிகளுக்குக் கொடுத்த அட்வான்ஸ் கணக்கு முழுக்க அந்த எக்ஸ்பிக்குள்தான் இருக்கிறது. சரி என்றுவிட்டேன்.

நான்கு நாள் கழித்துப் புது கம்ப்யூட்டரில் எக்ஸ்பி திறந்தது, மென்பொருளும் வந்தது. சந்தோஷம் ஐந்து நிமிஷம்கூட இல்லை. பேரேட்டில் கடைசிப் பதிவு 2021 ஜூன். அதற்குப் பிறகு ஒரு லோடுகூட இல்லை. கேட்டால், “டிஸ்க்ல இருந்ததே அவ்வளவுதான் சார்.”

ஓசூரில் வேலை பார்க்கும் அக்கா மகன் ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தான். கடையில் பென் டிரைவில் கொடுத்த அந்த ‘கரப்ட்’ விஎம்சி ஃபைலை நோட்பேடில் திறந்தான். “மாமா, இது வெறும் எக்ஸ்எம்எல், படிக்கக்கூடிய எழுத்துதான். நல்லாத்தானே இருக்கு?” ரேம் 512 என்று ஒரு வரி, விஎச்டி, அதாவது உள் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்காக இருக்கும் ஃபைல், எங்கே இருக்கிறது என்று ஒரு வரி. கொஞ்சம் கீழே, விர்ச்சுவல்பிசிஅண்டூ என்று தொடங்கி விஎச்டி அல்ல, ‘வியூடி’ என்று முடியும் இன்னொரு ஃபைலின் பெயர். அவன் அங்கேயே நிறுத்திவிட்டான்.

அண்டூ டிஸ்க். அதை இயக்கி வைத்தால், அதன்பின் எழுதுவது எதுவும் விஎச்டிக்குள் போகாது, இந்தத் தனி ஃபைலில்தான் சேரும். யாரோ எப்போதோ அதை இயக்கியிருக்கிறார்கள், நானாகவும் இருக்கலாம். மூடும்போது வரும் கேள்விக்கு, படிக்காமலே ஓகே தட்டித் தட்டிப் பழகிவிட்டது.

கடைக்கு ஓடினேன். “அது டெம்ப் ஃபைல்னு விட்டுட்டோம்” என்றார்கள். பழைய டிஸ்க்? ஃபார்மட் அடித்து, புது விண்டோஸ் ஏற்றி, ‘ஃப்ரீயா’ ரெடி பண்ணி வைத்திருந்தார்கள்! அந்த ஏழாயிரம் எதற்கு என்பதும் அப்போதுதான் புரிந்தது. ஹைப்பர்-விக்கு விஎம்சி புரியாது என்பது நிஜம்தான், ஆனால் அது கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. அவர்கள் செய்தது, இதே வேலையைச் செய்யும், காசில்லாமல் கிடைக்கும் விர்ச்சுவல்பாக்ஸில் விஎச்டியை மாட்டியது மட்டும். அது விஎச்டியை நேரடியாகவே படிக்கும். கன்வெர்ட்டர் என்று எதுவுமே இல்லை.

உங்களிடம் இப்படி ஒரு பழைய செட்டப் இருந்தால், முதலில் அந்த ஃபோல்டரை அப்படியே வேறு டிஸ்க்கில் நகல் எடுங்கள். ஒரு ஃபைலையும் விடாதீர்கள். விஎம்சியை நோட்பேடில் திறந்து, அது சொல்லும் ஃபைல் எல்லாம் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். அண்டூ ஃபைல் இருந்தால் விஎச்டியைத் தனியாக பூட் பண்ணவே கூடாது. அது மாறிவிட்டால் இரண்டும் ஒட்டாது. பழைய விர்ச்சுவல் பிசியிலேயே திறந்து, மாற்றங்களை டிஸ்க்கில் சேர்த்து, எக்ஸ்பியை முழுசாக ஷட்டவுன் செய்த பிறகே வெளியே எடுங்கள். புது மென்பொருளின் செட்டிங்கில் டிஸ்க்கை ஐடிஇ கண்ட்ரோலரில் (டிஸ்க்கை இணைக்கும் பழைய முறை) மாட்டுங்கள், புதிய முறையான சாட்டாவில் மாட்டினால் எக்ஸ்பி பெரும்பாலும் நீலத்திரைதான். ஒரிஜினல் டிஸ்க்கை மட்டும் எந்தக் கடையிலும் விட்டுவராதீர்கள்.

பணம் திரும்பவில்லை. எடைச் சீட்டுக் கட்டுகளைப் பிரித்து பெங்களூரா மாம்பழ லோடுகளை ஒவ்வொன்றாக மறுபடி ஏற்றுகிறேன். நேற்று சந்தூர் விவசாயி ஒருவர் தன் டைரியோடு வந்தார். எங்கள் வவுச்சரில் அட்வான்ஸ் 40,000, அவர் டைரியில் 35,000. 2022 கட்டையே இன்னும் பிரிக்கவில்லை.