ஆங்கஸ், சரோலே, ஹோல்ஸ்டீன்: கடைத் தட்டில் எது காசாகும்?

அமெரிக்கக் கொழுப்பேற்றும் பண்ணையிலிருந்து காயடித்த காளைகள் மூன்று வருகின்றன: இறைச்சி இனங்களான ஆங்கஸ், சரோலே, பால் இனமான ஹோல்ஸ்டீன். ஒவ்வொன்றும் 600 கிலோ. தலை, தோல், குடல் போக ஆங்கஸில் ஏறத்தாழ 63 சதவீதம், 378 கிலோ உடல் (எலும்போடு கூடிய கறி) தேறும். சரோலேயும் அதற்குக் குறையாது. ஹோல்ஸ்டீனில் 59 சதவீதம்தான், 354 கிலோ. பால் இனத்துக்கு வயிற்றுப் பகுதி பெரிது, உட்கொழுப்பும் அதிகம்.

அங்கே வேளாண் துறை இரண்டு தரம் போடுகிறது. மேலிருந்து கீழாக பிரைம், சாய்ஸ், செலக்ட் என்பவை முக்கியமாகச் சதைக்குள் ஓடும் கொழுப்பு இழையைப் பார்த்து வருபவை. விற்கக்கூடிய கறி எவ்வளவு என்பதற்கு 1 முதல் 5 வரை எண், 1தான் உயர்ந்தது. 12, 13ஆம் விலாவுக்கு நடுவே வெட்டி, முதுகுக் கொழுப்பின் தடிமனையும் ரிப்-ஐ சதையின் (முதுகெலும்பை ஒட்டி ஓடும் நீள்சதை) பரப்பையும் அளப்பார்கள். உடலின் எடை, சிறுநீரகத்தைச் சுற்றிய கொழுப்பு இரண்டும் கணக்கில் சேரும். தரம் ஒரு எண் இறங்கினால் (2 என்பது 3 ஆனால்) எலும்பு நீக்கிச் சீவிய முக்கியத் துண்டுகள் 2.3 சதவீதம் குறையும். 360 கிலோ உடலில் அது 8 கிலோ.

ஆங்கஸுக்குக் கொழுப்பு இழை எளிதில் ஏறும். பிரைம் ஆசையில் கூடுதலாகச் சில வாரம் தீனி போட்டால் தோலடிக் கொழுப்பும் தடித்து, எண் 4க்கு இறங்கிவிடும். சீவி எறியும் அந்தக் கொழுப்புக்கும் தீனிச் செலவு ஆகியிருக்கிறது. கிடைப்பதோ உருக்குவதற்கு விற்கும் கொழுப்பின் விலை. சரோலே இதற்கு நேரெதிர்: ரிப்-ஐ அகலம், சீவல் குறைவு, ஆனால் பல உடல்கள் செலக்டில் நின்றுவிடும். பிரைமுக்குக் கூடுதல் விலை தராத கடைக்கு சரோலேதான் லாபம்.

ஹோல்ஸ்டீன்தான் ஏமாற்றும். கொழுப்பு இழை நன்றாகவே இருக்கும், சாய்ஸ் கிடைக்கும். முதுகுக் கொழுப்பு மெலிவதால் எண்ணும் நன்றாக வரும். ஆனால் அந்த எண்ணைக் கணக்கிடும் சூத்திரத்தில் எலும்பின் எடைக்கு இடமில்லை. சதையோடு ஒப்பிட்டால் எலும்பு அதிகம் என்பது வெட்டுமேசையில்தான் தெரியும். ரிப்-ஐயும் நீண்டு ஒடுங்கியிருக்கும். ஒரே எடைக்குத் துண்டு போட்டாலும் தட்டில் சிறிதாகத் தெரிவதால் வாங்குபவர் பக்கத்துத் தட்டை எடுப்பார்.

1978இல் தொடங்கிய சர்ட்டிஃபைடு ஆங்கஸ் பீஃப் என்ற கறி வணிக முத்திரையும் பால் இன உடல்வாகை ஒதுக்குகிறது. கறுப்புத் தோல் மட்டும் போதாது. ரிப்-ஐ 10 முதல் 16 சதுர அங்குலத்துக்குள் இருக்க வேண்டும்.

அதனால்தான் பால் பண்ணைகள் கிடேரி தேவைப்படாத ஹோல்ஸ்டீன் பசுக்களுக்கு ஆங்கஸ் விந்து போடுகின்றன. கறுப்புக் கன்று பிறந்தாலே போதும் என்று மலிவான விந்து வாங்கினால் ஒடுங்கிய ரிப்-ஐ அப்படியே தொடரும். காளையின் மரபு மதிப்பீட்டில் முதலில் பார்க்க வேண்டியது ரிப்-ஐ பரப்பு. கொழுப்பு இழையில் பசுவிடம் பெரிய குறை இல்லை.