எடை குறைந்த பேட்டரி என்று மகிழ்ந்து ஏமாந்தேன்: மின்சைக்கிள் கட்டுவோர் கவனத்திற்கு

நான்கு அங்குல அகல டயர் கொண்ட சைக்கிள் ஒன்றில் மோட்டார் பொருத்தி, ஒரே சார்ஜில் எண்பது கிலோமீட்டர் ஓடக்கூடிய வண்டியை வீட்டிலேயே கட்ட முயன்ற நான், பேட்டரி விற்ற ஓர் இணையக் கடையிடம் ஏமாந்துவிட்டேன். 30 ஆம்பியர்-மணி (பேட்டரி கொள்ளும் மின்சாரத்தின் அளவு) என்று பணம் கொடுத்து வாங்கிய பேட்டரியில் இருந்தது 11.4 ஆம்பியர்-மணி மட்டுமே. கடையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அதே பேட்டரி, அதே படங்களுடன், வேறு வேறு பெயர்களில் விற்கப்படுவதைப் பிறகு பார்த்தேன் என்பதால், ஒரு பெயரைத் தவிர்ப்பதைவிட அவர்கள் ஏமாற்றும் முறையைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

முதலில் என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதில் பாதியைச் சரியாகப் போட்டு, மீதியைப் போடாமல் விட்டதுதான் என் தவறு. அகல டயர்களைக் குறைந்த காற்றழுத்தத்தில் ஓட்டும்போது உருளும் தடை மிகுதியாக இருக்கும். மெல்லிய டயர் கொண்ட மின்சைக்கிளுக்குத் தேவைப்படுவதைவிட மின்சாரம் நிறையவே செலவாகும். நண்பர் ஒருவரின் பேட்டரியை இரவல் வாங்கி, செலவாகும் மின்சாரத்தை அளக்கும் வாட்மீட்டர் பொருத்தி ஓட்டிப் பார்த்ததில், என் எடைக்கும் என் பாதைக்கும் கிலோமீட்டருக்குச் சராசரியாக 18 வாட்-மணி செலவானது. எண்பது கிலோமீட்டருக்கு 1440 வாட்-மணி வேண்டும். தொடரில் 14 செல் அடுக்குகள் கொண்ட பேட்டரியைச் சந்தையில் 52 வோல்ட் என்பார்கள், செல்லுக்கு 3.6 வோல்ட் வீதம் உண்மையான கணக்கு 50.4 வோல்ட். அதை 30 ஆம்பியர்-மணியால் பெருக்கினால் 1512 வாட்-மணி கிடைக்கும். தேவைக்குச் சற்றே மேல். 100 மில்லிமீட்டர் பெடல் அச்சுக் கூட்டுக்குப் பொருந்தும் நடுமோட்டாரைத் தேடிப் பிடிப்பதற்கே பல வாரங்கள் ஆனதால், பேட்டரியை விரைவாக வாங்கி வேலையை முடித்துவிட வேண்டும் என்ற அவசரமும் என்னிடம் இருந்தது. (மோட்டார் இன்றுவரை எந்தக் குறையும் வைக்கவில்லை.)

விளம்பரத்தில் எல்லாம் தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது. 21700 வகைச் செல்கள், ஒவ்வொன்றும் 5000 மில்லி ஆம்பியர்-மணி, தொடரில் 14, இணையாக 6, மொத்தம் 84 செல்கள், எடை 4.3 கிலோ. மோட்டாருடன் முப்பது கிலோவைத் தாண்டிவிட்ட வண்டியில் பேட்டரியாவது இலேசாக இருக்கிறதே என்று அந்தக் கடைசி வரியைப் படித்து நான் மகிழ்ந்தேன். பேட்டரி வந்ததும் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 4.3 கிலோதான் காட்டியது. சொன்னபடியே அனுப்பியிருக்கிறார்கள் என்று நிம்மதியும் அடைந்தேன்.

அந்த எண்ணே பொய்யை வெளிப்படுத்திக்கொண்டிருந்தது. 21700 என்பது 21 மில்லிமீட்டர் விட்டமும் 70 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட செல். 5000 மில்லி ஆம்பியர்-மணி தரும் அத்தகைய செல் ஒன்று ஏறக்குறைய 70 கிராம் எடை இருக்கும். 84 செல்கள் மட்டுமே 5.9 கிலோவுக்கு அருகில் வந்துவிடும். அவற்றை இணைக்கும் நிக்கல் பட்டைகள், பி.எம்.எஸ். எனப்படும் பாதுகாப்புப் பலகை, தடித்த கம்பிகள், மேலுறை ஆகியவற்றைச் சேர்த்தால் ஆறரை கிலோவுக்குக் குறைய வழியே இல்லை. செல்லின் பெயர் தெரியாத இடத்திலும் இந்தச் சோதனை பயன்படும்: கடைகளில் கிடைக்கும் நல்ல உருளைச் செல்கள் பெரும்பாலும் கிலோவுக்கு 250 முதல் 260 வாட்-மணி வரையே தருகின்றன. எனவே விற்பவர் சொல்லும் வாட்-மணியை 250 ஆல் வகுத்தால், செல்களின் எடை மட்டும் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். அந்த எடையைக்கூட எட்டாத பேட்டரியை யார் என்ன விளக்கம் சொன்னாலும் வாங்காதீர்கள்.

முதல் பயணத்தில் 31 கிலோமீட்டரில் வண்டி நின்றது. அதற்கு முன்பே அறிகுறிகள் தெரிந்தன. முழுச் சார்ஜில் 58.8 வோல்ட் காட்டிய பேட்டரி, சிறிய மேட்டில் மோட்டார் 25 ஆம்பியர் இழுத்தபோது ஏழு வோல்ட் சரிந்து, மேடு முடிந்ததும் மீண்டும் ஏறியது. செல்களின் உள் மின்தடை மிகுந்துவிட்டதற்கு, அதாவது அவை பழையவை என்பதற்கு, இது வழக்கமான அடையாளம். அன்று எனக்கு அது புரியவில்லை. இணைப்பான் தளர்ந்திருக்கும் என்று நினைத்தேன். மின்சாரம் தீர்ந்த அகல டயர் வண்டியை மிதித்துக்கொண்டே திரும்பிவிடலாம் என்று எண்ணுபவர்கள் ஒருமுறை முயன்று பார்க்கலாம். நான் பெரும்பாலான தூரம் தள்ளிக்கொண்டுதான் வந்தேன்.

விற்பனையாளருக்கு எழுதினேன். மிகவும் பணிவான பதில் வந்தது: புதிய பேட்டரி ஐந்தாறு முறை சார்ஜ் ஆன பிறகுதான் முழுத் திறனுக்கு வரும். அதை நம்பி இரண்டு வாரங்களைக் கழித்தேன். லித்தியம் அயன் பேட்டரி முதல் நாளிலிருந்தே தன் முழுத் திறனைத் தரும் என்பதும், ஐந்து சார்ஜில் பதினொன்று முப்பதாக வளராது என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தன. அடுத்த பதில் இன்னும் சாமர்த்தியமானது: உங்கள் வண்டியில் அகல டயர் இருக்கிறது, அது மின்சாரத்தைக் குடிக்கும், பேட்டரியில் குறை இல்லை. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்தப் பதில்தான் நம்மைப் போன்றவர்களுக்கென்றே வைத்திருக்கும் வலை. டயரில் காற்றை 8 பி.எஸ்.ஐ. அளவிலிருந்து 20 ஆக உயர்த்திச் சமமான சாலையில் மீண்டும் ஓட்டினேன். தூரம் சில கிலோமீட்டர் கூடியது. ஆனால் வண்டி நின்றபோது வாட்மீட்டர் காட்டியது அதே 11.4 ஆம்பியர்-மணிதான். டயரும் காற்றும் மேடும் நாம் போகும் தூரத்தை மாற்றுமே ஒழிய, பேட்டரிக்குள் இருக்கும் மின்சாரத்தின் அளவை மாற்றுவதில்லை. ஆகவே விற்பனையாளரிடம் கிலோமீட்டர் கணக்கில் புகார் செய்யாதீர்கள். வாட்மீட்டர் காட்டும் ஆம்பியர்-மணியை மட்டும் சொல்லுங்கள். இந்த ஒரு விஷயத்தை முதல் கடிதத்திலேயே செய்திருந்தால் எனக்கு மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும்.

மூன்றாவது பதிலில், பேட்டரியைத் திருப்பி அனுப்பினால் பணம் தருவதாகவும், அனுப்பும் செலவு என்னுடையது என்றும் எழுதினார்கள். இங்கேதான் கதவு மூடியது. தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயன் பேட்டரி, யூ.என். 3480 என்ற எண்ணின்கீழ் ஒன்பதாம் வகை ஆபத்துப் பொருளாகக் கருதப்படுகிறது. 100 வாட்-மணிக்கு மேற்பட்ட பேட்டரிக்குச் சிறிய பேட்டரிகளுக்குரிய சலுகைகள் கிடையாது. உரிய பொதியும் ஆபத்துச் சின்னமும் ஆவணமும் வேண்டும். 2016 ஏப்ரல் முதல் பயணிகள் விமானத்தில் இதைச் சரக்காக ஏற்றுவதற்கே தடை இருக்கிறது. நான் கேட்ட கூரியர் நிறுவனங்கள் எதுவும் தனிநபரிடமிருந்து வாங்கிக்கொள்ளச் சம்மதிக்கவில்லை. அனுப்ப முடியாது என்பது பேட்டரி விற்பவருக்குத் தெரியாமல் இருக்குமா? இந்தக் கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டிருக்கும்போதே நான் வாங்கிய விற்பனைத் தளத்தின் முப்பது நாள் முறையீட்டுக் காலமும் முடிந்துபோயிற்று. அதன் பிறகு, புகார் தீர்ந்ததாக நான் குறித்தால் விலையில் பத்தில் ஒரு பங்கைத் தருவதாகச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன்.

இனி இழக்க ஒன்றுமில்லை என்ற நிலையில் பேட்டரியைத் திறந்தேன். இதை நீங்கள் செய்ய வேண்டாம். ஓர் உலோகக் கருவி இரு முனைகளிலும் பட்டால் போதும், தீப்பொறியுடன் செல்கள் எரியத் தொடங்கிவிடலாம். உள்ளே 21700 செல் ஒன்றுகூட இல்லை. சிறிய 18650 செல்கள் எழுபது இருந்தன, தொடரில் 14, இணையாக 5. மிச்ச இடத்தை நுரைப்பஞ்சு அடைத்திருந்தது. செல்களின் இளஞ்சிவப்பு உறையில் தயாரிப்பாளர் பெயரோ எண்ணோ இல்லை. ஓர் உறையை உரித்தபோது, முனையில் முன்பு எப்போதோ பற்றவைத்துப் பிய்த்த பட்டையின் தழும்புகள் தெரிந்தன. பழைய பேட்டரிகளிலிருந்து எடுத்த செல்களுக்குப் புதுச் சட்டை போட்டிருக்கிறார்கள். இணைப்புப் பட்டையின் துண்டு ஒன்றைச் சுரண்டி உப்புநீரில் போட்டு வைத்ததில் மறுநாளே துரு பிடித்தது. நிக்கல் அல்ல, நிக்கல் பூசிய எஃகு.

பண இழப்பைவிட என்னை உறுத்தியது வேறொன்று. முழுச் சார்ஜுக்குப் பிறகு ஒரு வாரம் சும்மா இருந்த அந்தப் பேட்டரியில் பெரும்பாலான அடுக்குகள் 4.17 வோல்ட்டில் இருக்க, ஒன்று மட்டும் 3.91 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தது. சார்ஜருக்குத் தெரிவது 58.8 என்ற மொத்த வோல்ட் மட்டுமே. ஓர் அடுக்கு பின்தங்கினால் மற்றவை 4.2 வோல்ட்டைத் தாண்டும்வரை அது மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். தடுத்து நிறுத்த வேண்டியது பி.எம்.எஸ். மட்டும்தான். அந்த ஒரு மலிவான பலகையை நம்பி இந்தப் பேட்டரியைக் கூடத்தில் இரவெல்லாம் சார்ஜ் செய்துவிட்டு நாங்கள் தூங்கியிருக்கிறோம்.

அடுத்த பேட்டரியை வேறு விதமாக வாங்கினேன். செல்லின் தயாரிப்பாளர், மாதிரி எண், அடுக்கு அமைப்பு, எடை ஆகியவற்றை வாங்கும் முன்பே எழுத்தில் கேட்டேன், மின்சைக்கிள் போன்ற இலகு வாகனப் பேட்டரிகளுக்கான பாதுகாப்புச் சான்றான யூ.எல். 2271 உண்டா என்றும் கேட்டேன். பதில் சொல்லாதவர்களை விட்டுவிட்டேன். பெட்டியைப் பிரித்துத் தராசில் வைப்பதை ஒரே தொடர்ச்சியாகப் படம் பிடித்தேன். வந்த மூன்றாம் நாளே வாட்மீட்டருடன் முழுச் சார்ஜிலிருந்து வண்டி நிற்கும்வரை ஓட்டி அளந்தேன், 28.9 ஆம்பியர்-மணி வந்தது. அதன் எடை 7.1 கிலோ.

பழைய விளம்பரத்தை நேற்று மீண்டும் திறந்து பார்த்தேன். படங்களும் 84 செல் கணக்கும் அப்படியே இருக்கின்றன. எடை என்ற வரியை மட்டும் நீக்கியிருக்கிறார்கள்.