தேவையில்லாத டிகோடர் பெட்டியை என் தலையில் கட்டிய கதை

வீட்டில் ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர்கள், முக்கியமாகப் பழைய டிவிடிகளைத் தூக்கிப்போட மனசு வராதவர்கள், இதைப் படித்துவிட்டு மாட்டித்தர ஆளைக் கூப்பிடுங்கள்.

அப்பாவிடம் முந்நூறு டிவிடிக்கு மேல் இருக்கிறது. அவருக்காக 5.1 ஏவி ரிசீவர் (ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு பேஸ் பெட்டிக்கும் தனித்தனியாகச் சத்தம் அனுப்பும் ஆம்ப்ளிஃபயர்) ஒன்று வாங்கினேன். பழைய டிவிடி பிளேயரை அதோடு இணைக்க, தாம்பரம் பக்கம் ஒரு கடையிலிருந்து ஆள் வந்தார். பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இதுல டிகோடர் இல்லாம 5.1 வராது சார்" என்றார். டிஸ்க்கில் சுருக்கி வைத்த 5.1 சத்தத்தைத் தனித்தனியாகப் பிரிப்பதுதான் டிகோடர். கையோடு அந்தப் பெட்டியும் கொண்டுவந்திருந்தார்! 4,800 ரூபாய். மாட்டிய கூலி 700. பில் கேட்டதற்கு, "ஜிஎஸ்டி சேரும், பரவாயில்லையா?" என்றார். நானும் பில் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அது என் முதல் முட்டாள்தனம்.

ஒரு பாட்டு டிஸ்க்கைப் போட்டுக் காட்டினார். ஐந்து ஸ்பீக்கரும் அதிர்ந்தன. அப்பா முகத்தில் சிரிப்பு. பணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ராத்திரி படம் போட்டோம். பின்னணி இசை காதைக் கிழிக்கிறது, வசனம் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. அப்பா ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வசனத்துக்கு ஏற்றுவதும் சண்டைக்கு இறக்குவதுமாக இருந்தார். போன் பண்ணினால், "பழைய டிஸ்க்குன்னா அப்படித்தான் சார்." இரண்டு வாரம் இதை நம்பினோம். அப்பா தன் காதுதான் போய்விட்டது என்று டாக்டரிடம் போகக் கிளம்பிவிட்டார். எனக்கு ஆத்திரம் வந்தது அதற்காகத்தான், 4,800க்காக இல்லை.

ஆம்ப்ளிஃபயர் அசெம்பிள் பண்ணுகிற நண்பர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். பிளேயரிலிருந்து கோஆக்சியல் ஒயர் (டிஜிட்டல் சத்தத்தைக் கடத்தும் ஒற்றை ஒயர்) அந்தப் பெட்டிக்குப் போகிறது. பெட்டி 5.1-ஐப் பிரித்து ஆறு ஓட்டை வழியாக வெளியே விடுகிறது. என் ரிசீவரில் அந்த ஆறையும் வாங்கிக்கொள்ள இடமே கிடையாது. அதனால் அந்தக் கடை ஆள் முன்பக்கத்து இடது, வலது இரண்டை மட்டும் செருகிவிட்டு, ரிசீவரில் எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே சத்தம் வருகிற மோடைப் போட்டிருக்கிறார். படத்தில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கான சேனலில்தான் இருக்கும். அந்த ஓட்டை காலி! பாட்டு டிஸ்க் வெறும் ஸ்டீரியோ (இடது, வலது மட்டும்) என்பதால் அன்றைக்குக் குட்டு வெளிப்படவில்லை. பிளேயரின் சிவப்பு-வெள்ளை ஒயரை நேரே ரிசீவரில் செருகியிருந்தால்கூட வசனம் கேட்டிருக்கும். பிளேயரே நடுச் சேனலை இரண்டு பக்கமும் கலந்து அனுப்பிவிடும்.

நண்பர் செய்தது இவ்வளவுதான்: அதே கோஆக்சியல் ஒயரைப் பெட்டியிலிருந்து பிடுங்கி, ரிசீவரின் ஆரஞ்சு நிற ஓட்டையில் செருகினார். அந்த மோடை எடுத்தார். டிஸ்ப்ளேயில் டால்பி டிஜிட்டல் (டிவிடியில் 5.1 சத்தத்தைப் பதியும் ஒரு முறை) என்று விழுந்தது. டிகோடர் ரிசீவருக்குள்ளேயே இருக்கிறது. செலவு, ஒரு காபி.

உங்கள் வீட்டுக்கு ஆள் வந்தால், 5.1 என்று அட்டையில் போட்ட டிஸ்க்கை நீங்களே எடுத்துக் கொடுங்கள். ரிசீவர் டிஸ்ப்ளேயில் டால்பி டிஜிட்டல் அல்லது அதுபோன்ற இன்னொரு முறையான டிடிஎஸ் வருகிறதா, வசனம் நடு ஸ்பீக்கரில் கேட்கிறதா என்று பாருங்கள். வெறும் ஸ்டீரியோ என்றோ பிசிஎம் (பிளேயரே பிரித்து அனுப்பும் சத்தம்) என்றோ காட்டினால், பிளேயர் மெனுவில் டிஜிட்டல் அவுட்புட் பிசிஎம்-இல் இருக்கலாம். பிரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்பும் பிட்ஸ்ட்ரீமுக்கு மாற்றச் சொல்லுங்கள். கோஆக்சியலிலும், ஒளி வழியாகச் சத்தம் அனுப்பும் ஆப்டிக்கல் ஒயரிலும் பிசிஎம் இரண்டு சேனலுக்கு மேல் போகாது.

கடையில் போய்க் கேட்டேன். பணம் திரும்பாதாம், 2,000 ரூபாய்க்கு வேறு சாமான் எடுத்துக்கொள்ளலாமாம். நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடிக்கலாம் என்றால், காட்டுவதற்குக் கையில் பில் இல்லை.

பெட்டி இப்போது பரணில் இருக்கிறது. ஆறு இன்புட் உள்ள அசெம்பிள்டு ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு உண்மையிலேயே உபயோகப்படும், பெட்டி மேல் குற்றமில்லை. வேண்டுபவர்கள் சொல்லுங்கள். 4,800 கேட்கமாட்டேன்.