எங்க ஊர் கேன்சர் ஸ்கிரீனிங் கேம்ப் - 5க்கு 3 ஸ்டார்

திண்டுக்கல் பக்கம் எங்க ஊர் பள்ளிக்கூடத்துல போன மாசம் ஃப்ரீ கேம்ப் போட்டாங்க, சித்திய கூட்டிட்டு போனேன். 44 வயசு. "நல்லா இருக்கறவள எதுக்குடி இழுத்துட்டு போற"ன்னு மூணு நாளா ஒரே சண்டை.

டெஸ்ட்டுக்கு ஃபுல் மார்க். கர்ப்பப்பை வாய்ல அசிட்டிக் ஆசிட் தடவி ஒரு நிமிஷம் வெயிட் பண்ணி பாக்குறாங்க, சந்தேகமான இடம் இருந்தா வெள்ளையா தெரியும், அவ்ளோதான், லேபுக்கு அனுப்பி காத்திருக்கற வேலையே இல்ல. அந்த சிஸ்டர் "வினிகர் மாதிரிதான்மா, லேசா எரியும்"னு சொல்லி பேசிக்கிட்டே முடிச்சிட்டாங்க. வெளிய வந்து சித்தி கேட்டது "இதுக்கா இவ்ளோ பயந்தேன்?" மார்பகமும் செக் பண்ணாங்க, வெத்தல புகையில போடுறவங்களுக்கு டார்ச் அடிச்சு வாயும் பாத்தாங்க. (அந்த ஆசிட் தடவி பாக்குற டெஸ்ட்ட இதே திண்டுக்கல் மாவட்டத்துல 30-59 வயசு பொம்பளைங்ககிட்ட பெரிய அளவுல ஆய்வு பண்ணி 2007ல லான்செட்ங்கற மருத்துவ பத்திரிகைல போட்டாங்க, ஒரே ஒரு தடவ பாத்ததுக்கே கர்ப்பப்பை வாய் கேன்சர்ல சாவு 35% குறைஞ்சிருந்துச்சு. எங்க ஊர்ல யாருக்கும் தெரியாது.)

ஸ்டார் எங்க குறைச்சேன்னா, காலைல 10 மணிக்கு போட்டா எவ வருவா? எல்லாரும் நூறு நாள் வேலைக்கு போயாச்சு. மறைப்புக்கு ஒரு பெட்ஷீட், அதுவும் காத்துல பறக்குது, ஒரு அக்கா அதப் பாத்துட்டு அப்படியே திரும்பி போயிட்டாங்க.

அதவிட கடுப்பு, பக்கத்து வீட்டு அக்காவுக்கு வெள்ளையா தெரிஞ்சிருக்கு, "பெரியாஸ்பத்திரில காட்டுங்க"ன்னு ஒரு சீட்டு எழுதி கையில குடுத்து அனுப்பிட்டாங்க. எந்த நாள் போகணும், யார பாக்கணும், ஒன்னும் சொல்லல, அப்புறம் ஒரு போன் கூட இல்ல. வெள்ளையா தெரிஞ்சாலே கேன்சர்னு அர்த்தம் இல்லையாம், கேன்சரா மாறுறதுக்கு முன்னாடியே சின்ன ட்ரீட்மெண்ட்ல சரி பண்றதுக்குத்தானே இந்த டெஸ்ட்டே, அத உக்கார வச்சு சொன்னா என்ன? அந்தக்கா சீட்ட நாலா மடிச்சு ரேஷன் கார்டு கவர்ல வச்சிருக்காங்க, ஒரு நாள் கூலி போயிடும்னு. செவ்வாக்கிழமை நானே கூட்டிட்டு போறேன்.

போறவங்க கவனிங்க: பீரியட்ஸ் டைம்ல போகாதீங்க, பாக்க மாட்டாங்க. சேல கட்டிட்டு போங்க, சுடிதார்னா கழட்டி மாட்ட ஒரு ஆணி கூட கிடையாது.