வெளிநாட்டுல செலவு பண்ண எது லாபம்: கிரெடிட் கார்டா, ஃபாரெக்ஸ் கார்டா, கேஷா, யூபிஐயா?

வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் இருந்து தோல் கம்பெனி வேலையா, புள்ளைங்கள பாக்க, சும்மா சுத்தி பாக்கன்னு வெளிநாடு போறவங்க நெறைய பேரு. டிக்கெட்ல ஐநூறு ரூபா கொறைக்க நாலு ஆப் தேடுவாங்க, ஆனா அங்க போய் கடையில காசு கட்டறப்போ பாங்க் எவ்ளோ புடிக்குதுன்னு பாக்கவே மாட்டாங்க, அதுலதான் ஆயிரக்கணக்குல போவுது.

கணக்குக்கு ஒரு சிங்கப்பூர் டாலர் 70 ரூபான்னு வச்சுக்கோங்க. 1000 டாலருக்கு பொருள் வாங்கினா 70,000.

சாதா கிரெடிட் கார்டு, டெபிட் கார்டுல பெரும்பாலும் 3.5% ஃபாரெக்ஸ் மார்க்கப் (ரேட்டுக்கு மேல பாங்க் சேத்து புடிக்கற காசு) போடுவாங்க, அதாவது 2,450 ரூபா, அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி 441, ஆக மொத்தம் 2,891 ரூபா சும்மா போச்சு. ஜீரோ மார்க்கப் கார்டுன்னு இருக்கு, ஃபெடரல் பாங்கோட ஸ்காபியா மாதிரி, அதுல இந்த 2,891 கெடையாது, விசா இல்ல மாஸ்டர்கார்டு அன்னிக்கு போடற ரேட்டு மட்டும்தான். கடைக்கு, ஹோட்டலுக்கு என் ஓட்டு இதுக்குதான். வருஷ ஃபீஸ் இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க, பாங்க்காரங்க ரூல அடிக்கடி மாத்தறாங்க, அதனால கெளம்பறதுக்கு முன்னாடி ஒருவாட்டி சரி பாருங்க.

ஆனா எந்த கார்டு வச்சிருந்தாலும் ஒரு எடத்துல மாட்டிக்கலாம். சிங்கப்பூர் செராங்கூன் ரோட்டு கடையில பில் போடறப்போ மெஷின்ல ரெண்டு தொகை வரும், ஒண்ணு சிங்கப்பூர் டாலர்ல, இன்னொண்ணு நம்ம ரூபால, கல்லாவுல இருக்கறவரு தமிழ்லயே "ரூபாய்லயே போட்டுடவாண்ணே?"ன்னு கேப்பாரு, நமக்கும் ரூபால பாத்தா தெளிவா இருக்கற மாதிரி தோணும். "வேணாம்பா, டாலர்லயே போடு"ன்னு சொல்லிடுங்க. ரூபால போட்டா ரேட்ட முடிவு பண்றது அந்த கடையோட மெஷின் கம்பெனி, அதுல அவங்க லாபம் நல்லாவே சேந்திருக்கும், ஜீரோ மார்க்கப் கார்டுக்கும் அதே கதிதான், அது போதாதுன்னு நம்ம பாங்க்ல சிலது வெளிநாட்டுல ரூபால கட்டினதுக்கு தனியா 1% போட்டு அதுக்கும் ஜிஎஸ்டி புடிக்கும். ஏடிஎம்லயும் இதே கேள்வி வரும், கன்வர்ஷன் வேணாம்னு அழுத்துங்க.

ஃபாரெக்ஸ் கார்டு, அதாவது முன்னாடியே வெளிநாட்டு காசு லோட் பண்ணி எடுத்துகினு போற கார்டு, ஒரே நாட்டுக்கு போறவங்களுக்கு ஓகே. ரேட்டு ஏறினாலும் எறங்கினாலும் லோட் பண்ண அன்னிக்கு இருந்த ரேட்டுதான். ஆனா பாங்க் அந்த ரேட்டுலயே ஒரு மார்ஜின் வச்சுதான் விக்கும், ஃபீஸ் இல்லன்னு சொன்னா அத மட்டும் நம்பிடாதீங்க. இத்தாலி மிலான்ல நடக்கற லினியாபெல்லே தோல் கண்காட்சிக்கு போறவங்க டாலர் லோட் பண்ணி எடுத்துகினு போய் அங்க யூரோவுல தேச்சா கிராஸ் கரன்சின்னு மறுபடியும் 3.5% அளவுக்கு புடிக்கற கார்டுங்க இருக்கு. யூரோ நாட்டுக்கு போனா யூரோவே லோட் பண்ணுங்க.

கேஷ் கொஞ்சமாவது வேணும். வேலூர் காந்தி ரோட்டுல சிஎம்சி ஆஸ்பத்திரிய சுத்தி பங்களாதேஷ்ல இருந்து வைத்தியத்துக்கு வர்றவங்களுக்காக மணி எக்ஸ்சேஞ்ச் கடைங்க நெறைய இருக்கு, நாலு படி ஏறி எறங்கி கேக்கலாம். "கமிஷன் இல்ல"ன்னு போர்டு இருக்கும், அத விட்டுடுங்க, வாங்கற ரேட்டு விக்கற ரேட்டு ரெண்டையும் கேளுங்க, நடுவுல இருக்கற வித்தியாசம்தான் அவங்க கமிஷன். அப்பறம் "அண்ணா, ஜிஎஸ்டி எல்லாம் சேத்து 1000 டாலருக்கு கையில இருந்து எவ்ளோ குடுக்கணும்?"னு ஒரே கேள்வி. 71.50க்கு வித்தாங்கன்னா 71,500, ஜிஎஸ்டி சுமார் 129, அதாவது சாதா கார்டுல போறதுல பாதிக்கு கொஞ்சம் மேல. 50,000 ரூபாக்கு மேலன்னா ரொக்கமா குடுத்து வாங்க முடியாது, அக்கவுண்ட்ல இருந்துதான் கட்டணும்.

அங்க போய் ஏடிஎம்ல எடுத்துக்கலாம்னு போறதுதான் ரொம்ப நஷ்டம். தாய்லாந்துல வெளிநாட்டு கார்டுக்கு ஒவ்வொரு தடவைக்கும் அந்த ஊரு பாங்க் தனியா ஃபீஸ் புடிக்கும், நம்ம பாங்க் ஃபீஸ் தனி, மார்க்கப் தனி. கிரெடிட் கார்டுல கேஷ் எடுத்தா அன்னிலருந்தே வட்டி ஓடும், அத மட்டும் தயவுசெஞ்சு பண்ணாதீங்க.

யூபிஐ சிங்கப்பூர், யூஏஇ, இலங்கை, மொரீஷியஸ், நேபாளம், பூடான், பிரான்ஸ்ல சில எடங்கள்ல ஓடுது, எல்லா கடையிலயும் இல்ல. ஆப்ல இன்டர்நேஷனல்னு இருக்கறத ஆன் பண்ணணும், பின் போடறதுக்கு முன்னாடி எவ்ளோ ரூபா போவும்னு காட்டும், அத டாலரால வகுத்து பாத்துட்டு அப்பறம் போடுங்க. இத மட்டும் நம்பி போகாதீங்க.

சிங்கப்பூர்ல பஸ், ரயில்ல நம்ம கார்டையே தட்டலாம், ஆனா வெளிநாட்டு கார்டுக்கு ஒரு நாளைக்கு 60 சென்ட் தனியா புடிப்பாங்க, நாலஞ்சு நாள் இருக்கறவங்க ஈஸி லிங்க் கார்டு (பஸ், ரயிலுக்கு காசு போட்டு வச்சுக்கற அந்த ஊரு கார்டு) வாங்கறது லாபமான்னு கணக்கு போட்டு பாக்கலாம். ஹோட்டல்ல டெபாசிட்னு கேட்டா கிரெடிட் கார்டே குடுங்க, டெபிட்லயோ ஃபாரெக்ஸ்லயோ குடுத்தா கையில இருக்கற காசே பிளாக் ஆயிடும்.

கார்டுல இன்டர்நேஷனல் ஆன் பண்றத கெளம்பறதுக்கு முன்னாடியே வீட்டுல உக்காந்து முடிச்சுடுங்க. திரும்பி வர்றப்போ சில்லறைய அங்கயே செலவு பண்ணிடுங்க, நாணயத்த இங்க மாத்தி தர மாட்டாங்க.