வேலூரில் ரத்தம் கொடுக்க எது சரி: கேம்ப்பா, ரத்த வங்கியா?

வேலூர்க்காரர்களுக்கு ரத்தம் கொடுக்க இரண்டு வழி. கல்லூரியிலோ கல்யாண மண்டபத்திலோ நடக்கும் கேம்ப்புக்குப் போகலாம், இல்லையென்றால் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ரத்த வங்கிக்கோ அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ நேராகப் போகலாம். முதல் தடவை கொடுப்பவருக்கு, கூட நாலு நண்பர்கள் இருக்கிற கேம்ப் தைரியம் தரும். தொடர்ந்து கொடுக்க நினைப்பவருக்கு ரத்த வங்கிதான் சரி. பெரிய காரணம் பிளேட்லெட், அதாவது ரத்தம் உறைய உதவும் தட்டணு.

ஒரு பை ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்தால் சிவப்பணு, பிளேட்லெட், பிளாஸ்மா என்று மூன்றாகும். சிவப்பணு குளிரில் 35 முதல் 42 நாள் வரை தாங்கும். பிளாஸ்மாவை உறையவைத்து ஒரு வருடம் வைத்திருக்கலாம். பிளேட்லெட்டுக்கு ஆயுசு 5 நாள்தான். அதையும் 20 முதல் 24 டிகிரியில், ஓயாமல் ஆட்டுகிற தட்டில் வைக்க வேண்டும். அக்டோபர் 1, தன்னார்வ ரத்ததான நாளில் ஊரே கூடிக் கொடுத்தாலும் அடுத்த வாரம் அந்தப் பிளேட்லெட் உதவாது. சி.எம்.சி.யில் 1986 முதல் எலும்பு மஜ்ஜை மாற்று நடக்கிறது. புது மஜ்ஜை வேலை செய்யத் தொடங்கும்வரை அந்த நோயாளிகளுக்குத் திரும்பத் திரும்பப் பிளேட்லெட் ஏற்ற வேண்டும். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறவர்களுக்குத் துணைக்கு ஒரு ஆள் இருந்தாலே அதிகம். மொழி தெரியாத ஊரில் அவர் டோனருக்கு யாரைப் போய்க் கேட்பார்? ஏப்ரல், மேயில் கல்லூரிகள் லீவு, கேம்ப்பும் குறைந்துவிடும். உள்ளூர்க்காரர் அந்த மாதங்களில் போய்ப் படுத்தால் அது இரட்டிப்பு உதவி.

போனதும் படிவம். வயது 18க்கு மேல், எடை குறைந்தது 45 கிலோ. 55 கிலோவுக்கு மேல் இருந்தால்தான் 450 மி.லி. பை, மற்றவர்களுக்கு 350. பச்சை குத்தி ஒரு வருடம் ஆகாதவர்கள், ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் அதை மறைக்கவே கூடாது. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, மேக நோய் (சிபிலிஸ்), மலேரியா என்று ஐந்து சோதனையும் ஒவ்வொரு பைக்கும் உண்டு. ஆனால் தொற்றிய முதல் சில வாரங்களில் சோதனை காட்டிக்கொடுக்காமல் போகலாம். சந்தேகம் இருப்பவர் ரத்தம் கொடுத்துத் தெரிந்துகொள்ளலாம் என்று போகாமல், எச்.ஐ.வி. சோதனை செய்யும் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்துக்குப் போகட்டும், அங்கே இலவசம்.

பிறகு விரலில் ஒரு குத்து. நீல நிற மயில்துத்தக் கரைசலில் ஒரு சொட்டு விடுவார்கள். 15 வினாடிக்குள் சொட்டு அடிக்குப் போனால் ஹீமோகுளோபின் 12.5க்குக் குறையவில்லை. நடுவில் தயங்கி மேலே வந்தால் அன்றைக்குக் கிடையாது. பெண்கள் பலர் திரும்புவது இந்த இடத்தில்தான். 450 மி.லி. பை கொடுத்தால் 200 மி.கி. அளவுக்கு இரும்புச்சத்து போகும். முருங்கைக்கீரை, ஈரல் சாப்பிடுங்கள். சாப்பாட்டோடு டீ குடித்தால் அந்த இரும்பு உடம்பில் சரியாகச் சேராது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

ஆம்பூர் பிரியாணி சாப்பிட்டுவிட்டு நேராக வந்து படுக்காதீர்கள். கொழுப்பு ஏறிப் பிளாஸ்மா பால் மாதிரி வெளுத்துவிடும், அதை ஒதுக்கிவிட வேண்டியதுதான். நாலு இட்லி போதும், வெறும் வயிறு மட்டும் ஆகாது. வேலூர் வெயிலுக்கு, கொடுப்பதற்கு அரை மணி முன்னால் அரை லிட்டர் தண்ணீர் கட்டாயம். பயம், தண்ணீர்க் குறைவு, சட்டென்று எழுவது எல்லாமே மயக்கத்துக்குக் காரணமாகலாம். கேம்ப்பில் கட்டில் குறைவு, வரிசை நீளம் என்றால் சீக்கிரம் எழுப்பிவிடுவார்கள். நீங்களாகவே 10 நிமிஷம் படுத்திருங்கள். ஊசி எடுத்ததும் கையை மடக்கிப் பஞ்சைப் பிடிக்கிற பழக்கம் தப்பு. உள்ளே கசிந்து நீலம் பாரித்துவிடும். நீட்டி, சற்றே உயர்த்தி, 5 நிமிஷம் அழுத்துங்கள்.

ரத்தம் ஓடுவது சாதாரணமாக 10 நிமிஷத்துக்குள் முடியும். மறுபடி கொடுக்க ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் காத்திருக்க வேண்டும். கேம்ப்பை நம்பினால் வருடத்துக்கு ஒரு தடவைதான். ரத்த வங்கியில் ஆண்களுக்கு நாலு, பெண்களுக்கு மூன்று.

ரத்த வங்கியில் மெஷின் வழியாகப் பிளேட்லெட் மட்டும் எடுப்பதும் உண்டு. சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும். கையில் ரத்தக்குழாய் நன்றாகத் தெரிய வேண்டும். சிவப்பணு உடம்புக்கே திரும்பிவிடுவதால் 48 மணி நேரத்திலேயே மறுபடி கொடுக்கலாம் என்கிறது விதி. ஓடும்போது உதடு குறுகுறுத்தால் சொல்லிவிடுங்கள். உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் வருவது அது. வேகத்தைக் குறைத்து ஒரு கால்சியம் மாத்திரை கொடுத்தால் அடங்கிவிடும்.