ரயிலா, மாலை கிளினிக்கா, வருடம் முழுக்கச் சிற்றூரா?

டர்பன் பக்கம் நம் பிள்ளைகளில் பலர் மருத்துவம், பார்மசி, பிசியோ என்று சேர்கிறார்கள். ஆளுக்கொரு துறையில் படித்துவிட்டு, வசதி இல்லாத நோயாளி முன்னால் ஒன்றாக வேலை செய்ய எங்கே பழகுவது? தென்னாப்பிரிக்காவில் மூன்று வழிகள் கண்ணில் படுகின்றன. எந்தப் பல்கலைக்கழகம் என்பதைப் பொறுத்து வாய்ப்பு மாறும்.

முதலாவது, 1994 முதல் ஓடும் பெலோபெபா மருத்துவ ரயில். 2012இல் இரண்டாவது ரயிலும் வந்தது. கண், பல், மருந்து, மனநலம் என்று தனித்தனிப் பிரிவுகள். இறுதியாண்டு மாணவர்கள் வந்து வேலை செய்கிறார்கள். பல துறை மாணவர்கள் ஒரே ரயிலில் தங்குவதே நல்ல பழக்கம்தான். ஆனால் அவரவர் பெட்டியில் அவரவர் வேலை. ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்கு நடப்பவர் நோயாளி மட்டுமே! மூக்குக்கண்ணாடிக்கும் சொத்தைப் பல்லுக்கும் இது போதும். சர்க்கரை நோய்க்குப் போதாது. அடுத்த பரிசோதனைக்கு ஆள் வரும்போது ரயில் வேறு ஊரில் நிற்கும்.

கேப் டவுனில் மாணவர்கள் 1943இல் தொடங்கிய ஷாக்கோ என்ற சேவை அமைப்பின் மாலை கிளினிக்குகள் இரண்டாவது வழி. படிப்புக்கு இடைஞ்சல் இல்லை, மூத்தவர் இளையவருக்குச் சொல்லித் தருவார். மருத்துவ மாணவர் கையே ஓங்கியிருக்கும் என்பதுதான் குறை.

என் ஓட்டு மூன்றாவதற்கு. ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகம் 2011இல் வூஸ்டரில் கிராமப்புற மருத்துவப் பள்ளி திறந்தது. இறுதியாண்டு மருத்துவ மாணவர்களில் சிலர் அங்கே வருடம் முழுக்க இருக்கிறார்கள்; பிசியோ, உணவியல் போன்ற துறை மாணவர்களும் வந்து போகிறார்கள். சேர்ந்து வீடு வீடாகவும் போகிறார்கள். இதில்தான் விஷயம் இருக்கிறது. டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்தில் சர்க்கரையால் கால் விரல் போன ஓர் ஆயாவை நினைத்துப் பாருங்கள். மருத்துவ மாணவர் இன்சுலின் எழுதுவார். வீட்டில் பிரிட்ஜ் ஓடுகிறதா என்று பார்மசி மாணவர் பார்ப்பார். வாசல் படி பிசியோ மாணவர் கண்ணில் படும். மாதக் கடைசியில் சட்டியில் என்ன வேகிறது என்பதோ, தினமும் வந்துபோகும் சமூக சுகாதாரப் பணியாளருக்குத்தான் தெரியும். அவர் பேச, மற்றவர்கள் கேட்பதும் பாடம்தான். க்வாசூலு-நட்டாலிலேயே, போலேலாவில், 1940இல் மருத்துவத் தம்பதி சிட்னி கார்க்கும் எமிலி கார்க்கும் தங்கள் சுகாதார மையத்தை இப்படித்தான் வீடுகளுக்கு ஆள் அனுப்பித் தொடங்கினார்கள்.

சிரமமும் உண்டு. வீட்டைவிட்டு ஒரு வருடம், வூஸ்டர் என்றால் ஆஃப்ரிகான்ஸ் மொழி வேறு தெரிய வேண்டும். முடியாதவர்கள் ரயிலேறலாம், தப்பில்லை. எதில் சேர்ந்தாலும் முதலில் ஒன்று கேட்டுவிடுங்கள்: மதிப்பெண் போடுவது யார்? சொந்தத் துறை ஆசிரியர் மட்டும் என்றால், குழு வேலை காகிதத்தோடு சரி.